புளியா, புளி பேஸ்ட்டா?



மாதந்தோறும் நம் அறக்கட்டளை வழங்கும் மளிகைப் பொதியில் புளிக்குப் பதிலாகப் புளி பேஸ்ட் பாட்டில் வைத்தால் என்ன என்று சகோதரிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றுபவர்கள். இலை நனைத்து, வெட்டி, மாலைக்குள் கணக்கு முடிக்க வேண்டிய பெண்ணுக்கு, புளியை ஊறவைத்துக் கரைத்துச் சக்கை பிழியும் கால் மணி நேரமும் கூலிதான். சோம்பலில் பிறந்த கேள்வி அல்ல இது. இருந்தாலும் புளியையே தொடர்ந்து கொடுப்பது என்று நிர்வாகக் குழுவில் முடிவாகியிருக்கிறது. அதன் காரணத்தையும், அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும் வழியையும் சொல்லவே இந்தப் பாடம்.

அரபியர் புளிக்கு வைத்த பெயர் 'தம்ர் ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சை. ஆங்கிலத்தின் 'டேமரிண்ட்' அதிலிருந்து வந்ததே. மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. எகிப்திலும் ஷாம் நாடுகளிலும் ரமளானில் நோன்பு திறக்கும்போது இந்தப் பெயரிலேயே புளி சர்பத் குடிக்கிறார்கள். நம் பக்கத்தில் புளி ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் புளியங்குடி இன்று பேர் பெற்றிருப்பது எலுமிச்சைக்கு!

இனி பாட்டிலுக்கு வருவோம். கடை பேஸ்ட் ஹராமும் அல்ல, விஷமும் அல்ல. அவசரத்துக்கு உதவும். ஆனால் வாங்குமுன் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும்படிதான் சேர்மானங்களை எழுத வேண்டும் என்பது சட்டம். புளிக்கு அடுத்தபடியாக உப்பு நிற்கும் பாட்டில்கள் பல உண்டு. கெடாமல் இருக்க சோடியம் பென்சோயேட் (ஐ.என்.எஸ். 211) சேர்ப்பதும் உண்டு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இல்லாத பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

நம் குழுவை யோசிக்க வைத்தது அந்த உப்புதான். பொதி வாங்கும் வீடுகளில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் உம்மாமார்களும் வாப்பாமார்களும் நிறைய இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சிறு தேக்கரண்டி. பேஸ்ட்டில் உப்பு இருப்பது தெரியாமல், கை பழகிய அளவில் ஆணத்துக்கும் உப்பைப் போட்டால் இரண்டு உப்பும் சேர்ந்துவிடும். ஸஹர் சாப்பாட்டில் இப்படி உப்பு தூக்கலாகிவிட்டால் பகல் முழுதும் தாகம் வாட்டும். கடை பேஸ்ட் பயன்படுத்தும் நாளில் உப்பைக் கடைசியில், ருசி பார்த்தே போடுங்கள்.

வீட்டிலேயே செய்வது கடினமல்ல. கொட்டை, ஓடு, நார் நீக்கிய புளி 250 கிராம். கொதிக்கும் தண்ணீர் இரண்டு தம்ளர் ஊற்றி அரை மணி நேரம் மூடி வையுங்கள். நன்றாகப் பிசைந்து சல்லடையில் வடித்து, சக்கையில் இன்னும் அரைத் தம்ளர் ஊற்றி மறுபடி பிழியுங்கள். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் கிளறுங்கள். குமிழ் விட்டுக் கையில் தெறிக்கும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கரண்டியின் பின்புறத்தில் ஒட்டி நிற்கும் பதம் வந்ததும் ஒரு தேக்கரண்டி கல் உப்பு சேர்த்து இறக்கி, முழுதும் ஆறிய பிறகு ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு மாதம் கவலையில்லை. அழுத்த நோயாளி உள்ள வீட்டில் உப்பில்லாமல் பாதியளவு செய்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடலாம். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது மொத்தமாக வாங்கினால் விலையும் கட்டுப்படியாகும். கொட்டையோடு வாங்குபவர்கள் எடையில் நல்ல பங்கைக் கொட்டைக்குக் கொடுக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

எலுமிச்சை அளவு புளி கேட்கும் ஆணத்துக்கு முதலில் ஒரு தேக்கரண்டி பேஸ்ட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பாருங்கள், போதாவிட்டால் கூட்டலாம். கெட்டியாக அப்படியே சட்டியில் போட்டால் ஒரு பக்கம் புளிக்கும், ஒரு பக்கம் சப்பென்றிருக்கும்.

எப்போது சேர்ப்பது என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பருப்பையும் காயையும் எளிதில் வேகவிடாது. கல்யாண வீட்டு தால்ச்சாவில் கடலைப்பருப்பு நறுக்கென்று நின்றால், பருப்பைக் குறை சொல்லுமுன் புளி எப்போது விழுந்தது என்று கேளுங்கள். பருப்பும் கத்தரிக்காயும் நன்றாக வெந்த பிறகே புளி. வெண்டைக்காய்க்கு நேர் எதிர்: வதக்கும்போதே கொஞ்சம் புளி சேர்த்தால் கொழகொழப்பு அடங்கும். சேனையும் சேம்பும் நாக்கை அரிக்காமலிருக்கப் புளித் தண்ணீரிலேயே வேகவிட வேண்டும். மீன் ஆணத்தில் புளியும் மசாலாவும் கொதித்துப் பச்சை வாடை போன பிறகு மீன், தீயைக் குறைத்துக் கடைசியில் தேங்காய்ப்பால். பால் ஊற்றிய பின் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். புளியாணத்துக்கு மட்டும் பேஸ்ட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நுரை கூடியதும் இறக்குகிற சாறு அது. ஏற்கெனவே காய்ச்சிய புளியில் அந்தப் பச்சைப் புளியின் மணம் வருவதில்லை.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். ஈயம் தேய்ந்த பித்தளை, செம்புத் தேக்சாக்களில் புளி சேர்த்துச் சமைத்தால் அமிலம் செம்பைக் கரைத்து உணவில் இறக்கும், வாந்தியும் வயிற்று வலியும் வரும். மஹல்லா பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அலுமினியச் சட்டியில் புளி ஆணத்தை இரவு முழுதும் வைப்பதும் கூடாது. மண்சட்டியோ எவர்சில்வரோ போதும்.

பாட்டிலில் ஈரக் கரண்டி விடாதீர்கள். பூசணம் கண்டால், மேலே வழித்தெறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வீண் விரயமாகிறதே என்று மனம் கேட்காதவர்கள், அதைக் கொண்டு பித்தளைக் குடத்தைத் துலக்கிவிடுங்கள்.