புகையைக் கழுவிய நீர்

நிலக்கரியில் கந்தகம் கலந்துள்ளது. உலையில் நிலக்கரி எரியும்போது, அக்கந்தகம் ஆக்சிஜனுடன் சேர்ந்து கந்தக டைஆக்சைடு என்னும் நச்சு வாயுவாகிறது. மூச்சுக்குழாயைத் தாக்கும் இவ்வாயு, காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து அமில மழையாகவும் பொழிகிறது. ஆதலால், புகைபோக்கியை விட்டு வெளியேறும் முன்பே இதனைப் பிரித்தெடுப்பது இன்றியமையாததாகும்.

இம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒன்று, இலண்டன் மாநகரின் பேட்டர்சீ அனல்மின் நிலையம். தேம்ஸ் ஆற்றங்கரையில் 1929இல் இதன் கட்டுமானம் தொடங்கியபோது, நகரின் கட்டடங்களும் பூங்காக்களும் புகையால் பாழாகும் என எதிர்ப்பு எழுந்தது. புகையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்னும் கட்டுப்பாட்டுடனேயே நிலையம் அமைந்தது. 1933இல் மின்னுற்பத்தி தொடங்கியது. சுண்ணாம்புச் சத்து சேர்த்த தேம்ஸ் ஆற்று நீரைப் புகையின்மீது தெளித்துக் கந்தக டைஆக்சைடின் பெரும்பகுதியை நீக்கினர்.

எனினும், கழுவிய நீர் ஆற்றிலேயே விடப்பட்டது. காற்றின் சுமை ஆற்றின் சுமையாயிற்று. நீரில் நனைந்து குளிர்ந்த புகையோ உயரே எழும் ஆற்றலை இழந்து, தரையை நோக்கித் தாழ்ந்தது.

புகையைக் கழுவாது விட்டால் நேரும் கேட்டினை அதே நகரம் 1952 டிசம்பரில் கண்டது. வீட்டு அடுப்புகளும் ஆலைகளும் உமிழ்ந்த நிலக்கரிப் புகை, மூடுபனியோடு கலந்து ஐந்து நாள்கள் நகரைச் சூழ்ந்தது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என அந்நாளில் கணக்கிடப்பட்டது. இதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது.

இன்று பரவலாக உள்ள முறையில், உயர்ந்த கோபுரத்தினுள் கீழிருந்து புகை எழ, மேலிருந்து சுண்ணாம்புக்கல் பொடி கலந்த நீர்க்குழம்பு தெளிக்கப்படுகிறது. வாயு அக்குழம்பில் கரைந்து கால்சியம் சல்பைட்டாகிறது. அதனுள் காற்றைச் செலுத்தினால் ஜிப்சம் கிடைக்கிறது. குழம்பு மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படுகிறது. வேதிக் கணக்கின்படி, 64 டன் கந்தக டைஆக்சைடை நீக்க 100 டன் சுண்ணாம்புக்கல் தேவை. அதிலிருந்து 172 டன் ஜிப்சம் உருவாகும். சிமெண்ட் தயாரிக்கவும் சுவர்ப்பலகைகள் செய்யவும் அது பயன்படுகிறது.

இத்தூய்மைக்கும் விலை உண்டு. சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுக்க வேண்டும். நீரும் மின்சாரமும் செலவாகும். வினையின்போது 44 டன் கார்பன் டைஆக்சைடும் வெளியேறும். ஆயினும், மூச்சுக்காற்றை இழந்து பெறும் மின்சாரத்தைவிட இவ்விலை பெரிதன்று. ஓரிடத்து நஞ்சை மற்றோரிடத்திற்கு மாற்றுவது தூய்மையாகாது. அதனைத் தீங்கற்ற பொருளாக்குவதே தூய்மை. பேட்டர்சீயின் நிறைவும் குறையும் உணர்த்தும் பாடம் இதுவே.