நீர்மட்டம் அசையாமல் நிற்கிறதா?

ஒன்பதாம் வகுப்பில் பாய்ம அழுத்தம் நடத்தும்போது நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, பிரிட்டனில் விற்கப்படும் கேரவன். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடு அது. அடுப்பும் படுக்கையும் உள்ளேயே உண்டு. புதிய கேரவனை வாங்குபவரிடம் ஒப்படைக்கும் முன் விற்பனையாளர் சோதிப்பது வழக்கம். விளக்கு, பிரேக், சக்கரத் திருகு, கூரைக் கசிவு எனப் பட்டியல் நீளும். வகுப்புக்கு எனக்கு வேண்டியது எரிவாயுச் சோதனை மட்டும். ஒரு குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள் தூங்கப்போகிறதே!

குழாயில் எரிவாயுவின் அழுத்தம் 30 மில்லிபார், அதாவது 3000 பாஸ்கல். யு வடிவக் குழாயில் நீரை ஊற்றி அளந்தால் இரு மட்டங்களுக்கும் வேறுபாடு எவ்வளவு? 3000-ஐ, நீரின் அடர்த்தி 1000, புவிஈர்ப்பு முடுக்கம் 9.8 ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 0.306 மீட்டர் வரும். ஓர் அடிக்கோலை நிறுத்திக் காட்டினால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். நம் வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தமும் ஏறக்குறைய இதுவே.

பிறகு சிலிண்டரையும் அடுப்பையும் மூடிவிட்டு, சில நிமிடங்கள் மட்டத்தைக் கவனிப்பார்கள். இறங்கினால் எங்கோ கசிவு. சோப்பு நீர் தடவி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பட்டியலில் டிக் அடிப்பது யாராலும் முடியும், நீர்மட்டத்தை ஏமாற்ற முடியாது.

கேரவனின் தரையிலும் காற்றுத் துளைகள் உண்டு. அவை அடைபடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மேலே சன்னல் இருக்க, கீழே துளை எதற்கு என்று மாணவர்களையே கேளுங்கள். காற்றின் சராசரி மூலக்கூறு நிறை 29, புரொப்பேன் 44, பியூட்டேன் 58 என்பதைப் பிறகு எழுதலாம்.