காயலான் கடைக்குப் போகுமுன்...

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)



எங்க ஊர் தேவிகாபுரத்துல காற்றாலை கிடையாது. பெரியநாயகி அம்மன் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கேட்பதெல்லாம் பட்டுத் தறிச் சத்தம்தான். அப்புறம் எதுக்குய்யா காற்றாலைக் கட்டுரை என்கிறீர்களா? காரணம் ஒரு தறிதான்.

எங்கள் தாத்தா வீட்டில் பழைய குழித்தறி ஒன்று இருந்தது. ஜக்கார்டு பெட்டி இல்லாமல், நூல் கட்டியே டிசைன் தூக்கிய தறி. ஜக்கார்டு வந்ததும் அதைப் பிரித்து அடுப்பெரித்து விட்டார்கள். டிப்ளமோ சேர்ந்த பிறகு, "அது எப்படி தாத்தா வேலை செஞ்சுது?" என்று கேட்டேன். "தறி இருந்தா காட்டிடுவேன்டா. வாயால சொன்னா வராது" என்றார்.

தென்மாவட்டத்துப் பழைய காற்றாலைகளுக்கும் இதே கதி வரக்கூடாது என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

எப்போது வந்தது?

தமிழ்நாட்டில் 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைப் பண்ணை அமைந்தது. 55 கிலோவாட் அளவுள்ள சின்ன இயந்திரங்களோடுதான் அக்காலத்தில் தொடங்கினார்கள். 1990-களில் ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் எழுந்தன. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய் வழியாகப் பாய்வதே காரணம்.

ஒரு சின்னக் கணக்கு

காற்றின் வேகம் 2 மடங்கானால் கிடைக்கும் சக்தி 8 மடங்கு. இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் 2 மடங்கானால் சக்தி 4 மடங்கு. 55 கிலோவாட் இயந்திரத்தின் விட்டம் சுமார் 15 மீட்டர். அதை 120 மீட்டராக்கினால் வட்டத்தின் பரப்பு 64 மடங்கு. 55-ஐ 64-ஆல் பெருக்கிப் பாருங்கள், 3,520 கிலோவாட் வரும். இன்றைய பெரிய காற்றாலைகள் ஏறக்குறைய இந்த அளவில்தான் உள்ளன.

அதனால்தான் நல்ல காற்று வீசும் இடத்தில் சின்ன இயந்திரம் நிற்பது நஷ்டம் என்கிறார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நிறுத்துவதற்கும், பழையதைப் புதுப்பிப்பதற்கும் தமிழ்நாடு அரசு 2024-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. இது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் இரும்பு விலைக்கு எடை போட்டுவிட வேண்டுமா?

டென்மார்க் சொல்லும் பாடம்

டென்மார்க்கில் கெட்ஸர் என்ற இடத்தில் 1957-ல் யோஹன்னஸ் யூல் என்பவர் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார். மூன்று இறக்கை, 24 மீட்டர் விட்டம். வேகம் மிஞ்சினால் இறக்கையின் நுனி மட்டும் திரும்பி பிரேக் போடும். 1967 வரை ஓடி நின்றது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம், கேட்பாரில்லை. நல்லவேளை, யாரும் உடைக்கவில்லை!

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. உலகமே காற்றைத் திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் நாசாவே அந்தப் பழைய இயந்திரத்தின் அளவீடுகளைக் கேட்டது. 1970-களின் இறுதியில் அதைச் செப்பனிட்டு மீண்டும் ஓட்டிச் சோதித்தார்கள். பின்னர் வந்த டென்மார்க் காற்றாலைகள் அந்த மூன்று இறக்கை வழியில்தான் வளர்ந்தன. இன்று அதன் உச்சிப் பெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1967-லேயே காயலான் கடைக்குப் போயிருந்தால் எதைச் சோதித்திருப்பார்கள்?

நாம் செய்யக்கூடியது

பழைய காற்றாலை முழுவதும் கோபுரத்தோடு நிற்க வேண்டும் என்பதில்லை. துரு, தளர்ந்த போல்ட் என்று பராமரிப்புச் செலவு அதிகம். உச்சிப் பெட்டியைக் கீழே இறக்கி, கியர் பெட்டி, ஜெனரேட்டர், பிரேக், ஒரு இறக்கை ஆகியவற்றை பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் வைத்தாலே போதும். நிமிடத்துக்கு 50 சுற்று சுற்றும் அச்சு, ஜெனரேட்டரில் 1,000 சுற்றாவது எப்படி என்று போர்டில் வரைந்து மனப்பாடம் செய்கிறோம். 1-க்கு 20 என்ற அந்த விகிதத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

கூடவே வரைபடங்களும், பழுது பார்த்த பதிவேடுகளும் வேண்டும். அவற்றோடு, கோபுரம் ஏறி இறங்கிய ஆபரேட்டர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதும் வேலையும் இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

அடுத்த முறை தெற்கே தொழிற்சாலைச் சுற்றுலா போகும்போது, புதிய காற்றாலை முன் போட்டோ எடுத்துக்கொள்வதோடு நிற்காமல், பக்கத்தில் நிற்கும் பழையதையும் விசாரிப்போம். தாத்தாவின் தறி போயே போச்சு. இது இன்னும் இருக்கிறது.