தக்காளிச் செடியில் என்ன குறை? கண்டறிவதும் சரி செய்வதும்



பெரணமல்லூர் பக்கம் பட்டுத் தறி நெய்யும் வீடுகளில் பின்கட்டு சிறியதாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, இரண்டு தக்காளிச் செடிக்கு இடம் இல்லாமல் போகாது. வைத்த செடி நன்றாக வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால், "நம்ம கை ராசி அவ்வளவுதான்" என்று பிடுங்கி எறிந்துவிடுகிறோம். கை ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணம் உண்டு. அதைச் செடியே நமக்குக் காட்டும்.

தக்காளி எதற்கு?

தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்த சோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. கீரையிலும் பயறிலும் இரும்புச் சத்து இருக்கிறது. ஆனால் உடம்பு அதை எளிதில் ஏற்பதில்லை. கூடவே வைட்டமின் 'சி' சேர்ந்தால் அதிகமாக ஏற்கும். 100 கிராம் தக்காளியில் சுமார் 25 மில்லிகிராம் வைட்டமின் 'சி' உண்டு. முருங்கைக் கீரை கடைசலோடு நறுக்கிய பச்சைத் தக்காளிப் பழம் இரண்டு துண்டு சேர்த்துச் சாப்பிடுவது இதற்காகத்தான். நெடுநேரம் கொதிக்க வைத்தால் இந்தச் சத்து குறைந்துவிடும்.

இனி, குறைகளைப் பார்ப்போம்.

1. "பூ பூக்குது, கொட்டிப் போகுது. காய் நிக்கலியே?"

பகல் வெயில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் புழுக்கம் தணியாவிட்டால் பூவின் மகரந்தம் கெட்டுவிடும், பூ உதிரும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் இதுதான் நடக்கிறது. ஆகவே ஆனி, ஆடியில் ஒரு தடவையும், கார்த்திகை, மார்கழியில் ஒரு தடவையும் விதை போடுங்கள். பூக்கும் சமயம் கடும் வெயிலில் அகப்படாது. காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் நன்றாகச் சேரும். யூரியாவை அள்ளிப் போட்டாலும் செடி இலையாகவே தழைக்கும், காய்க்காது. மக்கிய சாணி எரு போதும்.

2. "காயின் அடியில் கறுப்பாக அழுகுது"

இது பூச்சியும் அல்ல, தொத்து நோயும் அல்ல. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்பதன் அடையாளம். மண்ணில் சத்து இருந்தாலும், தண்ணீர்தான் அதைச் சுமந்து செல்ல வேண்டும். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் இரண்டு குடம் ஊற்றினால் பயனில்லை. நாள் தவறாமல் அளவாக ஊற்றுங்கள். செடியைச் சுற்றிக் காய்ந்த சருகு அல்லது வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும். முட்டை ஓடு மக்க நாளாகும். அதை மண்ணிலேயே முன்கூட்டிக் கலந்து வையுங்கள்.

3. "பழம் வெடிக்குது"

காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று மழைத் தண்ணீர் கிடைத்தால் பழம் உள்ளே பருத்துத் தோல் வெடிக்கும். ஐப்பசி மழைக் காலத்தில், பழம் நிறம் திரும்பியதுமே பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள்.

4. "இலை சுருண்டு, செடி குட்டையா நிக்குது"

இது இலைச் சுருட்டை நோய். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் கிருமியால் வருவது. நோய் கண்ட செடிக்கு மருந்து இல்லை. மனசு கேட்காவிட்டாலும் வேரோடு பிடுங்கிவிடுங்கள். இல்லையேல் பக்கத்துச் செடிக்கும் பரவும். மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டினால் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ளும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா ரக்ஷக்' என்ற ஒட்டு ரகம் இந்நோயைத் தாங்கக்கூடியது.

5. "நேத்து நல்லா இருந்த செடி இன்னைக்கு வாடிடுச்சு"

மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால், தண்டை நறுக்கிக் கண்ணாடித் தம்ளர் நீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போல் நூல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தச் செடியை அகற்றிவிடுங்கள். அதே மண்ணில் கத்தரி, மிளகாய் வைக்கக் கூடாது. அவையும் தக்காளி இனமே. அங்கே கீரை அல்லது வெண்டை போடலாம்.

6. "காயில் ஓட்டை, உள்ளே புழு"

இது காய்ப்புழு. ஓட்டை விழுந்த காயைப் பறித்து அழியுங்கள். புழுவைக் கையாலேயே பொறுக்கலாம். அருகில் இரண்டு துலுக்கச் சாமந்தி வைத்தால் தாய்ப் பூச்சி அதில் முட்டையிடும். வேண்டுமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சின்னக் குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுவது உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தை வீட்டுச் செடிக்குக் கொண்டு வரவே வேண்டாம். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தறி வீட்டுக்காரர்கள் கவனிக்க

பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த தண்ணீரையும், சாயத் தண்ணீரையும் செடிக்கு ஊற்றாதீர்கள். மண் உவர்ப்பாகிச் செடி கருகும். சாயமோ பூச்சி மருந்தோ இருந்த டப்பாவில் செடி வைக்கக் கூடாது. அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்.

தொட்டியின் அடித் தட்டில் நீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். செருப்பில்லாமல் மண்ணில் இறங்காதீர்கள். மண்ணிலுள்ள கொக்கிப் புழு பாதத்தின் வழியே உடம்பில் ஏறி, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். தக்காளி தின்று சேர்த்த பலனை அது தின்றுவிடும்! வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு

தக்காளி மாத்திரைக்குத் துணை. மாத்திரைக்கு மாற்று அல்ல. நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒரு இரும்புச் சத்து மாத்திரை வீதம் 180 நாளும், பிரசவத்திற்குப் பின் 180 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். "மாத்திரை போட்டா வயிறு கறுப்பா போவுது" என்று பயந்து நிறுத்தாதீர்கள்; அது இயல்பே. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ, காபி வேண்டாம்; ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தலைசுற்றல், மூச்சு வாங்குதல், கண் இமையின் உட்புறம் வெளுத்தல் இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி இரத்தத்தைச் சோதித்துக் கொள்ளுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

பருவம் பார்த்து விதை. நாள் தவறாமல் நீர். நோய்ச் செடியை உடனே அகற்று. செடி வாடினால் காரணம் தேடுகிறோம். வீட்டுப் பெண் வாடினால், "வேலை அதிகம், அதான்" என்று விட்டுவிடலாமா? அதற்கும் காரணம் தேடுவோம். காலத்தில் சரி செய்வோம்.