ரவுட்டர் மாற்றுமுன்...

வைஃபை விட்டு விட்டு வந்தால் போதும், "பழசைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கு" என்பார்கள். அப்பா சம்பளத்தில் இரண்டாயிரம் ரூபாய் என்ன சும்மாவா? எங்கள் வீட்டில் நான் கடைப்பிடித்த முறை இது.

முதலில் சோதனை. ரவுட்டரிலிருந்து லேன் கேபிளைக் கணினியில் செருகி வேகம் பாருங்கள். அதிலும் மந்தமா? கோளாறு வெளி இணைப்பில் இருக்கலாம். ரவுட்டர் அடிக்கடி அணைந்து எரிகிறதா? அடாப்டரை லோடுடன் மல்டிமீட்டரில் அளங்க. 12 வோல்ட் அடாப்டர் 9 வோல்ட்டுக்கு இறங்கினால் மாற்ற வேண்டியது அதுதான். வோல்ட்டேஜும் போலாரிட்டியும் அதேபோல இருக்கணும், ஆம்பியர் குறையக்கூடாது.

எங்கள் வீட்டில் இரண்டும் சரி, வைஃபை மட்டும் மந்தம். காரணம் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல். அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்கு வீட்டில் அத்தனை பேரும் அதில்தான்! எனவே டூயல் பேண்ட் வாங்கினோம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவர் தாண்டினால் பலம் குறையும். ஆகவே ரவுட்டரை வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை:

1. கிகாபிட் போர்ட் உண்டா? 100 மெகாபிட் போர்ட்டில் 200 மெகாபிட் திட்டம் பாதி வீண்.

2. 2018இல் வந்த டபிள்யூபிஏ3 பாதுகாப்பு உண்டா?

3. மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை வருஷம் வரும்?

ஃபைபர் இணைப்பென்றால் கம்பெனி தந்த ஓஎன்டி பெட்டியைக் கழற்றாதீங்க. புது ரவுட்டரை அதனோடு கேபிளில் இணைக்கலாம்.

பக்கத்து வீட்டுக்கும் இப்படிச் சோதித்துச் சொல்லுங்கள். படிச்ச படிப்புக்கு அதுதான் மதிப்பு!