சாதாத் தறியில் டர்க்கி டவல்: முதலில் பைல் பீம், பிறகு ரீடு

சோலாப்பூர் டவலுக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவை நாடாத் தறிகள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் லுங்கியும் துண்டும் நெய்கிற தறிகளின் பங்காளிகள் என்று அவற்றைச் சொல்லலாம். எனவே, "நாலு சாதாத் தறி வைத்திருக்கிறேன், டர்க்கி டவல் ஓட்ட முடியுமா?" என்று கேட்பவருக்குத் தாராளமாக முடியும் என்றே சொல்வேன். கேட்பவர் அடுத்து விசாரிப்பது ரீடு மோஷன் என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பதைத்தான். அதுவும் வேண்டும். ஆனால் கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கைப் போட வேண்டிய இடம் தறியின் பின்பக்கம், பைல் பீம். அங்கே கஞ்சத்தனம் செய்துவிட்டு முன்னால் எவ்வளவு நல்ல கேம் மாட்டினாலும், பீம் தீரத் தீர டவலின் எடை இறங்கிக்கொண்டே போகும்.

லூப் எப்படி விழுகிறது

டர்க்கி டவலுக்குப் பாவு இரண்டு. ஒன்று கிரவுண்ட் பாவு, துணிக்கு எலும்பு. இதை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். மற்றது பைல் பாவு, லூப்பாக எழும்புவது. இது தளர்வாக வர வேண்டும். மூன்று பிக்குக்கு ஒரு வரிசை லூப் விழும். முதல் இரண்டு ஊடையையும் ரீடு முழுக்க அடிக்காது. நெய்த துணி முடிகிற கோட்டுக்குச் சற்று முன்னாலேயே விட்டுவிடும். இவை லூஸ் பிக். மூன்றாவது ஊடையை முழு அடியாக அடிக்கும்போது மூன்று ஊடையும் சேர்ந்து துணி வரை நகரும். இது ஃபாஸ்ட் பிக். விறைப்பான கிரவுண்ட் நூலின் மேல் ஊடைகள் வழுக்கிப் போகும். பைல் நூலோ மூன்று ஊடைக்கு நடுவே கவ்வப்பட்டிருப்பதால் கூடவே போய், இடைவெளியில் இருந்த நீளம் லூப்பாக மடங்கி நிற்கும். இடைவெளி 10 மில்லிமீட்டர் என்றால் லூப்பின் உயரம் சுமார் 5 மில்லிமீட்டர்.

துருக்கியில் கையால் நெய்துவந்த இந்தத் துணியின் மாதிரியை ஹென்றி கிறிஸ்டி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். சாமுவேல் ஹோல்ட் அதற்குத் தறி அமைத்துக் கொடுக்க, 1851 லண்டன் பொருட்காட்சியில் டவல் வைக்கப்பட்டது. அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை இதே இடைவெளிதான். புது ரேப்பியர் தறிகள் சிலவற்றில் ரீடுக்குப் பதிலாகத் துணியே முன்னும் பின்னும் நகர்கிறது, அவ்வளவுதான்.

கணக்கை முதலில் போடுங்கள்

தறியைக் கழற்றுவதற்கு முன் காகிதத்தில் டவலை நெய்து பாருங்கள். கிரவுண்டுக்கும் பைலுக்கும் 2/20 நூல், இரண்டும் அங்குலத்துக்கு 24 இழை. ரீடின் ஒரு பல்லுக்கு ஒரு கிரவுண்ட், ஒரு பைல். ஊடை 16ஆம் நம்பர், அங்குலத்துக்கு 36 பிக். அப்படியானால் அங்குலத்துக்கு 12 வரிசை லூப். இடைவெளி 10 மில்லிமீட்டர் என்றால் ஒரு அங்குலத் துணிக்கு 120 மில்லிமீட்டர் பைல் நூல், அதாவது 4.7 மடங்கு செலவாகும். 100 மீட்டர் டவலுக்கு 470 மீட்டர் பைல் பாவு ஓட்ட வேண்டும். இரண்டு பீமிலும் ஒரே நீளம் சுற்றியிருந்தால் கிரவுண்ட் பீம் ஒன்று தீர்வதற்குள் பைல் பீம் நாலைந்து முறை மாறும்.

இந்தத் துணி சதுர மீட்டருக்குச் சுமார் 370 கிராம் வரும். அதில் 70 சதவீதம் பைல் நூல். 75க்கு 150 சென்டிமீட்டர் டவல் ஒன்றில் ஏறக்குறைய 295 கிராம் பைல் இருக்கும். இடைவெளி 10லிருந்து 11 மில்லிமீட்டராக நகர்ந்துவிட்டால் டவலுக்கு 29 கிராம் நூல் கூடுதலாகப் போகும். நூறு டவலுக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ. வியாபாரி பேசிய எடைக்குத்தான் பணம் தருவார். ஒரு மில்லிமீட்டரில் லாபம் போய்விடும் தொழில் இது.

பைல் பீமைத் தூக்கி வையுங்கள்

இருக்கிற பீம் கிரவுண்டுக்கு அப்படியே இருக்கட்டும். பைல் பீமுக்கு அதற்கு மேலே இரண்டு பக்கச் சட்டத்திலும் தாங்கி போட வேண்டும். தட்டு பெரிதாக இருப்பது நல்லது, நீளம் அதிகம் பிடிக்கும். தாங்கியில் புஷ் தேய்ந்ததைப் போடாதீர்கள். பால் பேரிங் போட்டால் இன்னும் உத்தமம். பீம் தன் இஷ்டத்துக்கு நின்று நின்று சுற்றினால் துணியில் குறுக்கே குட்டையும் நெட்டையுமாகப் பட்டை பட்டையாக லூப் தெரியும்.

மலிவான முறை கயிறு பிரேக். பீமின் முனை உருளையில் கயிற்றைச் சுற்றி லேசான எடை தொங்கவிடுவது. கயிறு பிசுபிசுத்து ஒட்டாமல் இருக்க பிரெஞ்சு சாக் தூள் தடவிக்கொள்ளலாம். ஆனால் இதில் ஒரு கோளாறு பிறவியிலேயே இருக்கிறது. எடையை மாற்றாவிட்டால் பிரேக் பிடிக்கிற விசையும் மாறாது. நூல் இழுக்கிற ஆரமோ பீம் தீரத் தீரக் குறையும். 40 சென்டிமீட்டர் விட்டத்தில் இருந்த நூல் 20 சென்டிமீட்டருக்கு வரும்போது நூலில் விழும் இழுவை இரண்டு மடங்கு. பைல் விறைத்தால் ஊடையோடு போகாமல் பின்வாங்கும், லூப் குட்டையாகும், டவல் இளைக்கும். அதனால் கயிறு பிரேக் வைப்பவர் பீமின் விட்டம் இறங்க இறங்க அதை அளந்து எடையைக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். பீம் தட்டின் உள்பக்கம் பெயின்டால் மூன்று வளையம் போட்டு, "இந்தக் கோடு தெரிந்தால் ஒரு எடையைக் கழற்று" என்று தறிக்காரரிடம் சொல்லிவிட்டால் ராத்திரி ஷிப்டிலும் வேலை நடக்கும்.

பணம் இருந்தால் கயிற்றை விட்டுவிட்டு, பீமை வார்ம் கியரால் ஓட்டும் லெட் ஆஃப் போடுங்கள். சென்சாரும் சிறு மோட்டாரும் வைத்த மின்னணு லெட் ஆஃபும் பொருத்தலாம். எதைப் போட்டாலும் பைல் நூல் பீமிலிருந்து நேராக விழுதுக்குப் போகக் கூடாது. நடுவில் இலேசான ஒரு மிதக்கும் உருளை வேண்டும், மென்மையான ஸ்பிரிங்கில் நிற்பதாக. பாவு மூடும்போது எழும் தளர்ச்சியை அது உறிஞ்சும். ஃபாஸ்ட் பிக் அடிக்கும்போது சற்று முன்னால் கொடுத்து நூலை விடும். தறியை மெதுவாகக் கையால் சுற்றிப் பார்த்தால் மூன்று பிக்குக்கு ஒரு தடவை அந்த உருளை தலையாட்டுவது தெரிய வேண்டும். அசையாமல் கிடந்தால் ஸ்பிரிங் கடினம்.

கிரவுண்ட் பாவுக்கு இதற்கு நேர் எதிர். சாதாத் துண்டு நெய்ததைவிட எடையைக் கூட்டுங்கள். கிரவுண்ட் தளர்ந்தால் ஃபாஸ்ட் பிக் அடிக்கும்போது ஊடை வழுக்குவதற்குப் பதில் துணியே முன்னால் போய்விடும். லூப் பாதிதான் எழும். புதிதாக மாற்றிய தறியில் லூப் வரவில்லை என்றால் ஜாபர் முதலில் ரீடைக் குறை சொல்வார். நீங்கள் முதலில் கிரவுண்ட் பீமின் எடை தொங்கும் சங்கிலியைப் பாருங்கள்.

ரீடும் கேமும்

ரீடு, நம் பக்கத்தில் பண்ணை என்று சொல்வது, மேலே கீல் போட்டுக் கீழ்ப்பகுதி பின்வாங்கும்படி அமைய வேண்டும். லூஸ் பிக்கில் கீழ்ச்சட்டம் விலகும்; ஃபாஸ்ட் பிக்கில் பூட்டிக்கொள்ளும். இதைச் செய்விப்பது மூன்று பிக்குக்கு ஒரு சுற்று சுற்றும் கேம். கிராங்க் ஷாஃப்ட் ஒரு பிக்குக்கு ஒரு சுற்று. அதிலிருந்து எடுத்தால் 20 பல்லுக்கு 60 பல். பாட்டம் ஷாஃப்ட் இரண்டு பிக்குக்கு ஒரு சுற்று. அதிலிருந்து எடுத்தால் 30க்கு 45.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாடா பாயும் நேரத்தில் ரீடு நேராக, அசையாமல் நின்றாக வேண்டும். நாடாவுக்கு முதுகுச் சுவர் அதுதான். ஸ்லே முன்னால் வரும் கடைசிப் பகுதியில் மட்டும் கீழ்ச்சட்டம் விலக வேண்டும். கேமின் உருளை சீக்கிரமே தொட்டுவிட்டால் நாடா பறக்கும். பறக்கிற நாடா யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. பழைய தறியில் நாடா பாவுக்குள் மாட்டினால் ரீடு விலகிக்கொடுக்கும் பாதுகாப்பு இருந்திருந்தால், புது அமைப்பிலும் அது வேலை செய்கிறதா என்று தறியை நிறுத்திவைத்து, நாடாவை நடுவில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். இதை முடிக்காமல் மோட்டாரைப் போடாதீர்கள்.

இடைவெளியை அளக்கும்போது ரீடின் அடியில் அளக்கக் கூடாது. கீல் மேலே இருப்பதால் அடிப்பகுதி அதிகம் நகரும், துணி மட்டத்தில் குறைவாக நகரும். லூஸ் பிக்கில் ஸ்லே முழுக்க முன்னால் வந்து நிற்கும்போது, துணி மட்டத்தில், ரீடுக்கும் நெய்த துணி முடியும் கோட்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இடது, நடு, வலது மூன்றிலும் ஒரே அளவு வர வேண்டும். ஒரு கரையில் லூப் உயரமாகவும் மறு கரையில் குட்டையாகவும் வருகிற டவலுக்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான்.

டாபியில் பெக் போடுவது

விழுதைத் தூக்கி இறக்கும் டாபியில் நாலு பிரேம்: கிரவுண்டுக்கு இரண்டு, பைலுக்கு இரண்டு. மேல்முகத்துக்கு லூப் போடும் பைல் நூல் முதல் பிக்கில் மேலே, இரண்டாவதில் கீழே, மூன்றாவதில் மேலே. அடிமுகத்துக்கான பைல் இதற்கு நேர் மாறு. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மூன்றாவது பிக்குக்கும் அடுத்த முதல் பிக்குக்கும் நடுவே பைல் நூல் பக்கம் மாறக் கூடாது. அந்த இடைவெளியில்தான் லூப் எழுகிறது. அங்கே நூல் மேலிருந்து கீழே போனால் லூப் எந்த முகத்திலும் சுத்தமாக நிற்காது. எனவே டாபி எந்தப் பிக்கை மூன்றாவது என்று எண்ணுகிறதோ அதே பிக்கில்தான் கேமும் ரீடைப் பூட்ட வேண்டும். கேம் ஒரு பிக் தள்ளி மாட்டியிருந்தால் நெய்த துணி கலைந்த கம்பளிபோல இருக்கும். கேமை ஒரு பிக் முன்னோ பின்னோ திருப்பிப் பாருங்கள். மூன்று நிலையில் ஒன்று சரியாகும்.

ஒரு லேட்டிஸுக்கு இரண்டு பிக் போகும் டாபியில் 3 பிக் ரிப்பீட்டை அப்படியே எழுத முடியாது. 6 பிக்காக எழுதி மூன்று லேட்டிஸ் ஆக்கி, சங்கிலி சிலிண்டரைச் சுற்றி வருமளவு அதையே திருப்பிப் போடுங்கள். டவலின் இரு முனையிலும் லூப் இல்லாத பார்டர் வேண்டுமே, அதற்கு டாபியில் மிச்சமிருக்கும் ஒரு ஜாக்கை எடுத்து, அது தூக்கினால் ரீடு எல்லாப் பிக்கிலும் பூட்டியே இருக்கும்படி கம்பி இழுங்கள். அந்த நேரம் பைல் நூல் செலவு கிரவுண்டுக்குச் சமமாகிவிடும். பைல் பீம் மேலும் அவிழ்ந்து தொங்காதபடி பிரேக்கும் அதே கம்பியில் இறுக வேண்டும்.

துணி இழுக்கும் ரோலரில் எமரி காகிதம் ஒட்டியிருந்தால் லூப்பை நசுக்கும். ஊசி ரோலர் லூப்புக்கு நடுவே போய்க் கிரவுண்டைப் பிடிக்கும். டெம்பிளும் கரையை மட்டும் தொட வேண்டும்.

இதே மோஷனில் வெல்வெட் வருமா என்று கேட்பவர் உண்டு. வராது. வெல்வெட்டுக்கு லூப் போதாது, அதை வெட்ட வேண்டும். விசைத்தறியில் அதற்கு வசதியான வழி, இரண்டு கிரவுண்ட் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக நெய்து, நடுவே ஏறி இறங்கும் பைல் நூலைத் தறியிலேயே ஓடும் கத்தியால் பிளப்பது. பிராட்ஃபோர்டின் மானிங்ஹாம் ஆலை அதிபர் சாமுவேல் லிஸ்டர் வெல்வெட் தறிக்காகப் பெரும் பணத்தையும் பல ஆண்டுகளையும் கொட்டியவர். அது வேறு தறி. சாதாத் தறியில் ஒட்டுப்போட்டு வருவதில்லை.

ஓட்டிப் பார்ப்பது

சாதாத் துணிக்கு ஓட்டிய வேகத்தில் ஆரம்பிக்காதீர்கள். புல்லி மாற்றி, நிமிடத்துக்கு 100 பிக் அளவுக்கு இறக்கி, அரை மீட்டர் நெய்யுங்கள். அதிலிருந்து பாவு வாக்கில் சரியாக 10 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, ஒரு பைல் இழையைப் பொறுமையாக உருவி எடுங்கள். ஸ்கேல் மேல் நீட்டி, சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். 47 சென்டிமீட்டர் இருந்தால் 4.7 மடங்கு, கணக்கு சரி. 42 வந்தால் பைல் விறைப்பு, அல்லது கிரவுண்ட் தளர்ச்சி. மேல்முகம், அடிமுகம் இரண்டிலிருந்தும் இழை எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் இரண்டு பைல் பிரேமின் உயரத்தைச் சரிபாருங்கள். ஒன்று அதிகம் ஏறிக்கொண்டிருக்கும்.

லூப்பை விரலால் பிடித்து இழுத்தால் பக்கத்து லூப் மறைந்து இது நீளுகிறதா? பிக் போதவில்லை. பிக் வீலை மாற்றி அங்குலத்துக்கு இரண்டு மூன்று பிக் கூட்டுங்கள். ஆனால் பிக் கூட்டினால் லூப் வரிசையும் கூடும், எடையும் ஏறும். இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். பைல் நூல் அடிக்கடி அறுந்தால் சைசிங்கில் கஞ்சியைக் கூட்டச் சொல்லாதீர்கள். விறைத்த பைல் நூல் லூப்பாக மடங்க அடம்பிடிக்கும். விழுதுக் கண்ணில் பிசிர் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

தறியிலிருந்து இறங்கிய டவல் தண்ணீரை உறிஞ்சாது. கஞ்சியும் பருத்தி மெழுகும் இருக்கும். கொதிக்கவைத்து அலசி உலர்த்திய பிறகுதான் லூப் எழுந்து நிற்கும், எடையும் உண்மையைச் சொல்லும். வியாபாரியிடம் எடை பேசும்போது அது சலவைக்கு முந்தைய எடையா, பிந்தைய எடையா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அட்டையில் இடைவெளி, பிக் வீல், கிரவுண்ட் எடை, பைல் எடை நாலையும் குறித்துத் தறியில் தொங்கவிடுங்கள். முதல் தறியில் ஒரு பைல் பீம் முழுக்கத் தீர்ந்து, முதல் டவலும் கடைசி டவலும் தராசில் ஒரே எடை காட்டிய பிறகு இரண்டாவது தறியைக் கழற்றலாம்.