முதலில் காலைத் தொட்டுப் பார்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். வெள்ளிமலைத் தாத்தாவுக்குக் கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். "காலுக்கும் ஸ்டென்ட் வைப்பார்களாமே, தாத்தாவுக்கு வைக்கலாமா?" என்றும் கேட்டிருந்தாய். நர்சிங் முதல் வருஷத்திலேயே இதைக் கேட்கிறாயே, சந்தோஷம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு.

தாத்தா இருக்கும் கல்வராயன் மலையில், காலின் ரத்தக்குழாய் சுருங்கும் இந்த நோய் லேசில் பிடிபடாது. மேடு ஏறினால் யாருக்குத்தான் கால் வலிக்காது, வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். மூட்டுத் தேய்மானம் உட்கார்ந்து எழும்போதே படுத்தும். ரத்தக்குழாய் சுருங்கிய கால் ஏறக்குறைய ஒரே தூரத்தில் மடக்கும். நின்ற இடத்திலேயே சில நிமிஷத்தில் தெளியும். பீடியும் சர்க்கரையும் சேர்ந்தால் இது சீக்கிரம் வரும். தாத்தாவிடம் இரண்டும் உண்டு.

அடுத்த முறை போகும்போது அவர் பாதத்தின் மேல்புறம், கட்டைவிரல் தசைநாணுக்குச் சற்று வெளிப்பக்கம், இரண்டு விரலை மெல்ல வை. பிறகு உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால். அழுத்தாதே, அழுத்தினால் உன் விரல் துடிப்பையே அவருடையது என்று நினைத்துவிடுவாய். துடிப்பு சிக்காவிட்டால், ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் கருவியை வைத்துக் கணுக்காலில் பிரஷர் பார்ப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் வகுத்து 0.6. விகிதம் 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு என்று கொள்ளலாம். சர்க்கரைக்காரர்களிடம் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து அமுங்காமல் போனால் விகிதம் 1.4-ஐத் தாண்டிப் பொய் சொல்லும். அப்போது கால்விரலில் அளப்பார்கள்.

ஸ்டென்ட் என்றாலே எல்லோரும் நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். இந்த வைத்தியம் பிறந்ததே காலில்தான். 1964 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லாண்ட். 82 வயது மூதாட்டி ஒருவர்; விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தும் காலை எடுக்க ஒப்பவில்லை. சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், அவருடைய தொடைக் குழாயின் சுருக்கத்துக்குள் மெல்லிய குழலையும் அதன்மேல் பருத்த குழலையும் செலுத்தி வழியை விரித்தார். கால் பிழைத்தது. 1969-இல் அவரே நாய்களின் கால் குழாயில் கம்பிச்சுருளை வைத்துப் பார்த்தார். சூரிச்சில் குருன்ட்சிக் என்ற மருத்துவர் பலூனை 1974-இல் காலில் விரித்தார். இருதயத்துக்கு அது வந்தது 1977-இல்.

இன்றைக்கு நடப்பதும் ஏறக்குறைய அதுதான். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, பல சமயம் நல்ல காலின் பக்கமிருந்தே கம்பியை நுழைப்பார்கள். சொந்தக்காரர்கள் கால் மாறிவிட்டது என்று பதறுவது அதனால்தான். நீ முன்கூட்டியே சொல்லிவை. சாயம் செலுத்திப் படம் பார்த்து, பலூனால் விரித்து, வழி மறுபடி சுருங்கினால் ஸ்டென்ட் வைப்பார்கள். சாயம் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும் என்பதால் முதலிலேயே ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டும்.

எங்கே அடைப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இடுப்புக்குள் ஓடும் குழாயில் ஸ்டென்ட் நன்றாக நிலைக்கும். தொடையில் நிக்கல்-டைட்டானியம் கலந்த நிட்டினால் வலை வைக்கிறார்கள். உடம்புச் சூட்டில் தானே விரிந்துகொள்ளும். முழங்காலுக்குப் பின்னால் வைக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல, குந்தி எழுகிற ஒவ்வொரு முறையும் அது வளைகிறது. நம் ஊரில் குந்தாமல் என்ன வேலை நடக்கிறது? முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் பலூனோடு நிறுத்திக்கொள்வார்கள். கால் அழுகும் நிலையில், நல்ல சிரை கிடைத்தால் அதை வைத்து மாற்றுவழி போடும் பைபாஸ் அறுவையே மேல் என்று 2022-இல் வெளிவந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு காட்டியது.

தாத்தாவுக்குப் புண் இல்லை, ராத்திரி படுத்திருக்கும்போது வலி இல்லை என்றால் நான் அவசரப்பட மாட்டேன். பீடியை விட வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோவும் மருத்துவர் எழுதுவார். வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது. இதை வாரத்தில் மூன்று நாளாவது, அரைமணிக்குக் குறையாமல், மூன்று மாசம் செய்தால் பலருக்கு நடை தூரம் கூடிவிடுகிறது. ஸ்டென்ட் வைத்தவர்களும் இதையெல்லாம் செய்தே ஆக வேண்டும். கால் குழாய் அடைத்தவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வர வாய்ப்பு அதிகம் என்பதை வீட்டில் யாரும் யோசிப்பதில்லை.

நம் மாவட்டத்தில் சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரி 2022-இல் திறந்தபிறகு முதல் பரிசோதனைக்காவது வெளியூர் ஓட வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போய், மேல் சிகிச்சை எந்த ஆஸ்பத்திரியில் என்று அங்கேயே கேள். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் அவற்றின் உறையோடு கொண்டுபோ.

இன்னொன்று. மலையில் மார்கழிக் குளிருக்கு அடுப்போரம் காலை நீட்டுவார் தாத்தா. சர்க்கரையால் மரத்த காலுக்குச் சூடு உறைக்காது. கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். ஒத்தடமும் கூடாது, கம்பளிக் காலுறை போதும். ஒரு கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்து வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்.

இப்படிக்கு,
பெரியப்பா